நூல் அறுந்தால் ஆட்டைப் பாருங்கள்

நீலகிரியில் வீட்டை ஒட்டிய நிலத்தில் காய்கறி போட்டு, கூடவே நான்கைந்து செம்மறி வளர்த்து, அதன் ரோமத்தைத் தாங்களே நூற்று ஸ்வெட்டரும் குல்லாயும் பின்னுகிற குடும்பங்கள் சில எனக்குப் பழக்கம். கால்நடை மருத்துவர் என்ற முறையில் இவர்களிடம் நான் அதிகம் கேட்கும் புகார் ஒன்றுதான். “நூற்கும்போதே அறுந்து அறுந்து போகுது டாக்டர்.” நூற்கும் தக்ளிக் கதிரை மாற்றிப் பார்த்திருப்பார்கள், முறுக்கைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள், ரோமத்தை இன்னொரு தடவை அலசியும் பார்த்திருப்பார்கள். ஆடு போன மழைக்காலத்தில் எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ரோமம் தினமும் வளர்ந்துகொண்டே இருப்பது. அது முழுக்கப் புரதம். ஆடு கடுங்காய்ச்சலில் படுத்தாலும், சினையின் கடைசி வாரங்களில் தீனி போதாமல் போனாலும், குடற்புழு ரத்தத்தை உறிஞ்சினாலும், உடம்பு முதலில் உயிரைத்தான் காப்பாற்றும். ரோமத்துக்குப் போகும் சத்து குறைந்துவிடும். அந்த நாட்களில் வளர்ந்த பகுதி மெலிந்திருக்கும். ஆடு தேறியதும் இழை மறுபடி பருமனாகும். ஆனால் அந்த மெலிந்த இடம் இழையிலேயே தங்கிவிடும். ஒரே ஆட்டின் ரோமத்தில் எல்லா இழைகளிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் அது இருப்பதால், இழுத்தால் மொத்தமும் அந்தக் கோட்டில்தான் அறுகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கத்தரித்த ரோமத்தில் தோள்பட்டைப் பக்கத்திலிருந்து பென்சில் பருமனுக்கு ஒரு கொத்தைப் பிரித்தெடுங்கள். அடியை ஒரு கையிலும் நுனியை ஒரு கையிலும் இறுகப் பிடித்து, காதருகே கொண்டுபோய், வெடுக்கென்று இழுத்துத் தளர்த்துங்கள். நல்ல ரோமம் இழுத்த கம்பி மாதிரி ‘டிங்’ என்று ஒலிக்கும். பழுதானது சரசரவென்று நொறுங்கும் சத்தம் கொடுக்கும். மோசமாக இருந்தால் கையிலேயே இரண்டாகப் போய்விடும். விலாப்பக்கத்திலும் ஒரு கொத்து எடுத்துப் பாருங்கள். நுனி மட்டும் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அது வெயிலும் மழையும் பட்டதால் வந்தது. நுனியை வெட்டிவிட்டு நூற்கலாம். அடியை ஒட்டி அறுந்தாலும் பிழைத்தது, நீளம் அதிகம் போகாது. நட்டநடுவில் அறுந்தால்தான் நஷ்டம். நீலகிரி ஆட்டு ரோமத்தின் நீளமே சுமார் 8 செ.மீ. அதில் பாதி போனால் நூல் நிற்காது. அப்படிப்பட்ட ரோமத்தை நூற்க முயன்று விரல்களை வருத்திக்கொள்ளாதீர்கள். சோப்புத் தண்ணீரில் தேய்த்து இறுக்கி விரிப்பாகச் செய்தால் நன்றாகவே உழைக்கும்.

அறுந்த இடம் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு தகவல்தான். கோத்தகிரி பக்கம் ஒரு வீட்டில் கொத்தை விரித்து வைத்து, அடியிலிருந்து விரலால் அளந்து, “கத்தரிக்கிறதுக்கு மூணு நாலு மாசம் முன்னாடி இந்த ஆட்டுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, “அப்பத்தான் சார் ரெட்டைக் குட்டி போட்டுச்சு” என்றார். இரண்டு குட்டிக்குப் பாலும் கொடுத்து, மழையில் வெறும் புல்லை மட்டும் மேய்ந்த தாய். பதில் அதிலேயே இருந்தது. செம்மறிக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள். கடைசி ஆறு வாரமும், குட்டி போட்ட பிறகு பால் கொடுக்கும் நாட்களும் புண்ணாக்கோ அடர்தீவனமோ கட்டாயம் வேண்டும். ஸ்வெட்டருக்கு நூல் அப்போதுதான் உருவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலையின் ஈரத்தில் அடுத்த எதிரி ஹீமாங்கஸ் என்ற குடற்புழு. நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆட்டின் கீழிமையை விரலால் இறக்கி உட்புற நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் சரி. வெளிறி வெள்ளையாகிக்கொண்டே வந்தால் ரத்தசோகை. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினால் நிலைமை முற்றிவிட்டது. இதற்கென்றே ஐந்து நிறங்கள் அச்சிட்ட அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவாக்கினார்கள், ஃபமாச்சா என்று பெயர். அது சொல்லும் முக்கியமான விஷயம், பட்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் மாதம் தவறாமல் மருந்து ஊற்றக்கூடாது, வெளிறிய ஆட்டுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது. கண்ட நேரத்தில், எடை பார்க்காமல் குறைத்துக் கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் கடையில் என்ன வாங்கினாலும் வேலை செய்யாது. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சாணத்தைக் கொண்டுபோனால் புழு முட்டையைப் பார்த்துச் சொல்வார்கள்.

உண்ணிக்கு மருந்து அடித்த கையோடு ரோமம் கத்தரிக்காதீர்கள். அந்த மருந்துகள் ரோமக் கொழுப்பில் தங்கும். அந்தக் கொழுப்புதான் நூற்கும்போது உங்கள் விரல்களில் வழவழவென்று ஒட்டுவது. எத்தனை நாள் விட வேண்டும் என்று மருந்துச் சீட்டில் பாருங்கள், இல்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

இனி அடைப்பான். ஆந்த்ராக்ஸ் என்கிற, ஆட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றும் நோய் இதுதான். நூற்பவர்கள் இதைப் பற்றிக் கேள்விப்பட்டே இருப்பதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் 19-ஆம் நூற்றாண்டில் மொஹேர் என்ற அங்கோரா ஆட்டு ரோமமும், அல்பகா என்ற தென்னமெரிக்க விலங்கின் ரோமமும் பிரித்த தொழிலாளிகள் திடீர் திடீரென்று இறந்தார்கள். ‘கம்பளி பிரிப்பவர் நோய்’ என்றே அதற்குப் பெயர் வந்தது. ரோமத் தூசியோடு அடைப்பான் கிருமியின் விதைகள் (ஸ்போர் என்ற உறங்கும் வடிவம்) நுரையீரலுக்குப் போனதுதான் காரணம். இது ஆலைகளோடு போயிற்று என்று நினைக்காதீர்கள். 1976-இல் கலிஃபோர்னியாவில் வீட்டிலேயே நெய்து வந்த ஒருவர், பாகிஸ்தானிலிருந்து வந்த விலங்கு ரோம நூலால் இதே நோய் வந்து இறந்தார்.

இந்த விதைகள் மண்ணிலும் ரோமத்திலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வீட்டில் சோப்பும் வெந்நீரும் போட்டு அலசினால் சாகாது. ஆரோக்கியமான ஆட்டின் ரோமத்தைப் பற்றி நான் பயமுறுத்தவில்லை. பயப்பட வேண்டியது செத்த ஆட்டின் ரோமத்துக்குத்தான். நேற்றுவரை மேய்ந்த ஆடு இன்று காலை பட்டியில் செத்துக் கிடக்கிறது, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கறுத்த ரத்தம் வடிகிறது என்றால், ‘ரோமமாவது மிஞ்சட்டும்’ என்று கத்தரியை எடுக்காதீர்கள். தோலை உரிக்கவும் வேண்டாம், வயிற்றைக் கிழிக்கவும் வேண்டாம். காற்றுப் பட்டால்தான் கிருமி விதையாக மாறும். நாய் நெருங்காமல் பார்த்துக்கொண்டு மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் சொல்வார்கள், மற்ற ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுவார்கள்.

ரோமம் கையாள்பவருக்குக் கையிலோ முகத்திலோ சின்னக் கொப்புளம் வந்து, நடுவில் கறுத்த பொருக்காகி, சுற்றிலும் வீங்கியும் வலியே இல்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘நான் ஆட்டு ரோமம் நூற்கிறேன்’ என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும்.

தென்னிந்தியாவில் ஸ்வெட்டருக்கு உகந்த மென்ரோமம் தருவது நீலகிரி இனம். கோயம்புத்தூர் நாட்டாட்டையும் மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டு ஆடுகளையும் கலந்து உருவான இனம் இது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இதைக் காத்து வருகிறது. இந்த ஆட்டை வீட்டில் வளர்த்து நூற்பவர்கள் இருக்கிறவரை இனமும் இருக்கும் என்பது என் நம்பிக்கை. அதனால் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கத்தரித்த ரோமத்தை மூட்டை கட்டும்போது எந்த ஆடு, என்று கத்தரித்தது, குட்டி போட்ட மாதம், நோய் வந்த மாதம், கடைசியாக மருந்து அடித்த தேதி என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். வெளியில் வாங்கினால் இதே விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். சொல்ல முடியாதவரிடம் கழுவாத ரோமம் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.