வாயேஜர் அனுப்புவது பிழையில்லாமல் எப்படி வந்து சேர்கிறது?

“ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு மலையேறும்போதே போனில் சிக்னல் போய்விடுகிறது. 2,500 கோடி கி.மீ. தள்ளியிருக்கும் நாசா விண்கலம் வாயேஜர்-1 மட்டும் எப்படிப் பேசுகிறது?” என்று வாணியம்பாடி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

போனுக்கு ஜவ்வாது மலை குறுக்கே நிற்கிறது. வாயேஜருக்கு அப்படி எதுவும் இல்லை, தூரம்தான் பகை. அதன் டிரான்ஸ்மிட்டர் சுமார் 20 வாட், நம் வீட்டு எல்இடி ட்யூப்லைட் அளவுதான். 3.7 மீட்டர் டிஷ் அதை அரை பாகைக் கற்றையாகக் குவித்தாலும், பூமிக்கு வருவதற்குள் 20 கோடி கி.மீ.க்கு மேல் அகன்றுவிடும். அதில் ஒரு துளியைத்தான் கோல்ட்ஸ்டோன் (அமெரிக்கா), மாட்ரிட் (ஸ்பெயின்), கான்பெரா (ஆஸ்திரேலியா) ஆகிய நாசா நிலையங்களின் 70 மீட்டர் டிஷ்கள் பிடிக்கின்றன. அந்தத் துளியை வலுவாக்கும் பெருக்கியின் சொந்த வெப்பமே இரைச்சலாகிச் சிக்னலை விழுங்கிவிடும் என்பதால், அதை மைனஸ் 250 பாகை செல்சியசுக்கும் கீழே குளிர வைக்கிறார்கள். டிஷ் திசை தவறினாலும் கதை முடிந்தது. 2023 ஜூலையில் தவறான ஒரு கட்டளையால், இதன் ஜோடியான வாயேஜர்-2இன் டிஷ் 2 பாகை விலகியது. இரண்டு வாரம் தரவே வரவில்லை.

இவ்வளவு செய்தும், தரவின் 0, 1 என்ற பிட்டுகளில் சில கெட்டுத்தான் வரும். “இன்னொரு முறை சொல்” என்று கேட்டால் பதில் வர ஏறக்குறைய இரண்டு நாள். ஆகவே திருத்தும் வழியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

அனுப்ப வேண்டியவை 5, 7 என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தாளில் 1-க்கு நேரே 5, 2-க்கு நேரே 7 என்று புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். அதே கோடு 3-க்கு நேரே 9, 4-க்கு நேரே 11 என்று போகும். நான்கையும் அனுப்புங்கள். வழியில் 7 கெட்டு 2 ஆகிவிட்டதா? மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றன. கெட்ட புள்ளி விலகி நின்று தானே மாட்டிக்கொள்கிறது. கோடு சொல்கிறது: அங்கே இருக்க வேண்டியது 7. மூன்று புள்ளி மட்டும் அனுப்பியிருந்தால், பிழை உண்டு என்று தெரியும். எது என்று தெரியாது.

ரீட், சாலமன் என்ற இருவர் உருவாக்கி, வாயேஜர் பயன்படுத்தும் ரீட்–சாலமன் குறிமுறை இதே வித்தைதான். நேர்கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக்கோவை. 223 பைட்டுகளோடு (ஒரு பைட் என்பது 8 பிட்) 32 சேர்த்து அனுப்பினால், எங்கே கெட்டாலும் 16 பைட்டுகள் வரை மீட்கலாம். முன்பு வாயேஜர் படங்களுக்கு, ஒவ்வொரு தரவுப் பிட்டுக்கும் ஒரு திருத்தப் பிட் என்று கூட்டி, இரு மடங்காக அனுப்பும் முறை இருந்தது. 1986இல் யுரேனசை வாயேஜர்-2 கடந்தபோது ரீட்–சாலமன் வந்து அந்தச் சுமையைக் குறைத்தது.

1960இல் இது வெளியானபோது, வேகமாகத் திருத்தத் தோதான வழிகூடக் கிடையாது. உடனடிப் பயன் தெரியாத கணிதத்துக்கு நிதியை வெட்டுவது பெருந்தவறு என்பேன். வேலூர் நேதாஜி மார்க்கெட் தராசில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை, ஓரம் தேய்ந்தும் ஸ்கேன் ஆவது இதே கணக்கால்தான். ஆனால் மூலையிலுள்ள மூன்று பெரிய சதுரங்களை இந்தக் கணக்கு காப்பாற்றாது. அட்டை எங்கே இருக்கிறது என்று கேமரா கண்டுபிடிப்பதே அவற்றை வைத்துத்தான். விலைச்சீட்டை அவற்றின்மேல் ஒட்டாதீர்கள்.