கோரிலேஷன் 0.98 வந்துச்சா? கொஞ்சம் நில்லுங்க

தீசிஸ் சப்மிட் பண்ற சீசன் வந்துட்டா என் வாட்ஸப்ல ஒரே மாதிரி மெசேஜ் தான். "மேடம், ஒரே நோயாளிங்கள ரெண்டு பேர் அளந்திருக்கோம், கோரிலேஷன் 0.98, அக்ரிமென்ட் சூப்பர்னு எழுதிடலாமா?" கோரிலேஷன்னா ரெண்டு வரிசை நம்பர் சேர்ந்து ஏறி இறங்குதான்னு சொல்ற எண், உச்சம் 1; அக்ரிமென்ட்னா ரெண்டு பேர் அளந்ததும் ஒரே அளவா இருக்கறது. எழுதாதீங்கன்னு சொன்னா உடனே அடுத்த மெசேஜ், "ஏன் மேடம், நம்பர் பெருசா தானே இருக்கு?" மருத்துவ ஆராய்ச்சிக்கு புள்ளியியல் பாத்துக் குடுக்கறது தான் என் பொழப்பு, இதுக்கு எத்தனை தடவை பதில் சொல்லியிருப்பேன்னு எனக்கே கணக்கில்ல, அதான் ஒரு தடவை எழுதி வெச்சுட்டா லிங்க அனுப்பிட்டு நிம்மதியா இருக்கலாம்னு உக்காந்துட்டேன்.

அப்படி வந்த ஒரு பிசியோதெரபி ஷீட்ட எடுத்துக்குங்க. முழங்கால எவ்வளவு மடக்க முடியுதுன்னு கோனியோமீட்டர்ங்கற கோணம் அளக்கற கருவி வெச்சு ரெண்டு பேர் தனித்தனியா அளந்திருந்தாங்க. நான் பெருசா ஒண்ணும் பண்ணல, எக்ஸெல்ல ரெண்டாவது ஆள் அளந்ததுல இருந்து முதல் ஆள் அளந்தத கழிச்சேன், அவ்வளவுதான். 9, 10, 11, 10, 9, 10ன்னு கீழ வரைக்கும் போகுது, ஒரு மைனஸ் கூட இல்ல. அப்புறம் ரெண்டு பேரையும் என் முன்னாடியே அளக்கச் சொல்லிப் பாத்தா, ஒருத்தர் கருவியோட கீழ்க்கைய வெளிக்கணுக்கால் எலும்புக்கு நேரா புடிக்கறாங்க, இன்னொருத்தர் கீழ்க்காலோட முன்பக்க எலும்ப ஒட்டிப் புடிக்கறாங்க. பத்து டிகிரி அங்க தான் ஒளிஞ்சிருந்தது. கோரிலேஷனுக்கு இது கண்ணுலயே படாது, ஏன்னா ஒருத்தர் நம்பர் ஏறினா மத்தவர் நம்பரும் ஒரே நேர்கோட்டுல கூடவே ஏறுதான்னு மட்டும் தான் அது பாக்கும். எல்லாருக்கும் சரியா பத்து டிகிரி கூட்டி எழுதினாலும் 1 தான் வரும், எல்லாத்தையும் ரெண்டால பெருக்கி எழுதினாலும் அதே 1 தான்.

கழிச்சுப் பாக்கற இந்த வேலைக்கு ஒழுங்கான வடிவம் குடுத்தது பிளாண்ட், ஆல்ட்மன் ரெண்டு பேரும், 1986ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது. ரெண்டு அளவோட சராசரி படுக்கைல, வித்தியாசம் நெடுக்கைல, நடுவுல சராசரி வித்தியாசத்துக்கு ஒரு கோடு, அதுக்கு மேலயும் கீழயும் 1.96 எஸ்டி (ஸ்டாண்டர்டு டீவியேஷன், அந்த வித்தியாசங்க எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவு) தள்ளி ரெண்டு கோடு. படம் போட்ட உடனே சண்டை எங்கன்னு தெரிஞ்சிடும், என்னைக் கேட்டா முதல்ல இதைப் போட்டுட்டு தான் மத்தது எல்லாம்.

சரி, ஐசிசி. இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன். இரட்டைப் பிள்ளைங்களோட உயரத்துக்கு கோரிலேஷன் போடணும்னா யாரை முதல் நெடுவரிசைல போடுவீங்க, யாரை ரெண்டாவதுல? மாத்திப் போட்டா விடை மாறும். அந்த மாதிரி இடத்துக்கு வந்தது தான் இது, புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1925ல எழுதின புத்தகத்துலயே இதுக்கு ஒரு அத்தியாயம் இருக்கு. மொத்த ஏற்ற இறக்கத்துல நோயாளிக்கு நோயாளி இருக்கற உண்மையான வித்தியாசம் எத்தனை பங்குன்னு சொல்றது தான் ஐசிசி. இந்த "பங்கு"ங்கற வார்த்தைல தான் எல்லாரும் வழுக்கி விழறாங்க.

அஞ்சு நோயாளிங்க, முதல் ஆள் அளந்தது 90, 100, 110, 120, 130. ரெண்டாவது ஆள் எல்லாத்துலயும் பத்து கூட. ரெண்டு பேர் நம்பரும் அப்படியே ஒண்ணா இருக்கணும்னு பாக்கற அப்சல்யூட் அக்ரிமென்ட் வகை ஐசிசி 0.83 வரும், பல டேபிள்ல இதுக்கு "குட்"னு போட்டிருக்கும். இப்ப 116, 118, 120, 122, 124ன்னு நெருக்கமா இருக்கற அஞ்சு பேர், அதே ரெண்டு பேர் அளக்கறாங்க, அதே பத்து டிகிரி தப்பு. ஐசிசி 0.17. அளந்தவங்க மாறல, தப்பு மாறல, நோயாளிங்க ஒருத்தருக்கொருத்தர் கிட்டக்கிட்ட இருந்தது தான் மாறினது! அதனால பேப்பர்ல ஐசிசி பாத்தா அது எந்த மாதிரி நோயாளிங்க கிட்ட எடுத்ததுன்னு தேடிப் பாருங்க.

இதுல எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர் வேற. ஐசிசி டிக் பண்ணா அது தானா எடுத்துக்கறது டூ வே மிக்ஸ்டு, கன்ஸிஸ்டன்ஸிங்கற வகை. அதுல மேல சொன்ன ரெண்டு செட்டுக்கும் 1 தான் வரும், ஏன்னா ஒரே சீரா இருக்கற பத்து டிகிரிய அது தப்பாவே எடுத்துக்காது. நமக்கு அது தப்பு தானே, அப்ப அப்சல்யூட் அக்ரிமென்ட் மாத்தணும். அவுட்புட்ல வேற ரெண்டு வரி வரும், ஒருத்தர் அளவுக்கு சிங்கிள் மெஷர்ஸ், எல்லார் அளவோட சராசரிக்கு ஆவரேஜ் மெஷர்ஸ். ரெண்டு பேருக்கு சிங்கிள் 0.60 வந்தா ஆவரேஜ் 0.75 காட்டும், பெருசா இருக்கறத காப்பி பண்ணிடறாங்க. நாளைக்கு வார்டுல ஒருத்தர் தான் அளக்கப் போறாருன்னா உங்க நம்பர் 0.60. ஷ்ரௌட், ஃப்ளைஸ் 1979லயே ஆறு வகை ஐசிசிய பிரிச்சுக் காட்டிட்டாங்க, இன்னும் வெறும் "ஐசிசி = 0.75"னு ஒத்த வரி எழுதறவங்கள என்ன பண்றதுன்னே தெரியல.

ஆமா இல்லன்னு சொல்ற விஷயத்துல ரெண்டு பேர் எவ்வளவு ஒத்துப் போறாங்கன்னு சொல்ற எண் கப்பா, கோஹன் 1960ல குடுத்தது. ஒருத்தர் கோபமாவே வந்தாரு, "மேடம் சாஃப்ட்வேர் தப்பு". நூறு எக்ஸ்ரே, ரெண்டு டாக்டர். ரெண்டு பேரும் இல்லன்னது 90, ரெண்டு பேரும் இருக்குன்னது 2, ஆளுக்கு 4 இடத்துல ஒருத்தர் மட்டும் இருக்குன்னாரு. 92 சதவீதம் ஒத்துப் போகுது, கப்பா 0.29. சாஃப்ட்வேர் மேல தப்பில்ல. நூத்துல 94 தடவை இல்லன்னு சொல்ற ரெண்டு பேர் படத்தையே பாக்காம குருட்டாம்போக்குல சொல்லியிருந்தாலும் கிட்டத்தட்ட 89 தடவை ஒத்துப் போயிருக்கும், அதைக் கழிச்சா மிச்சம் இருக்கற 11ல 3 தடவை தான் கூடுதலா ஒத்துப் போயிருக்கு, அந்தப் பங்கு தான் கப்பா. அதே 92 சதவீதம், ஆனா இருக்கு 46, இல்ல 46ன்னு சமமா பிரிஞ்சிருந்தா 0.84 வந்திருக்கும். அதனால அந்த நாலு கட்ட டேபிளையும் அப்படியே போடுங்கன்னேன். நோய் இருக்குன்னு ஏதோ ஒரு டாக்டராவது சொன்ன பத்து படத்துல ரெண்டே ரெண்டுல தான் ரெண்டு பேரும் ஒத்துப் போறாங்கன்னு அப்ப தான் அவருக்கே உறைச்சது. 0.61 தாண்டினா "சப்ஸ்டான்ஷியல்"னு ஒரு அட்டவணை சுத்துதே, 1977ல லாண்டிஸ், காக் போட்டது, அந்த எல்லைக்கோடு எல்லாம் இஷ்டத்துக்கு வெச்சது தான்னு அவங்களே அதுல சொல்லியிருக்காங்க.

பள்ளி, கிராமம்னு கூட்டம் கூட்டமா (கிளஸ்டர்) எடுத்து ஸ்டடி பண்றவங்களுக்கும் இதே ஐசிசி தான், ஆனா அங்க வேஷம் வேற, ஒரே கூட்டத்துல இருக்கறவங்க எவ்வளவு ஒரே மாதிரின்னு சொல்லும். 20 பள்ளி, பள்ளிக்கு 30 பிள்ளைங்க, மொத்தம் 600, ஐசிசி 0.05. "0.05 தானே, விட்டுடலாம்"னு சொல்லாதீங்க. பள்ளிக்கு 30ல ஒண்ணு போக 29, 1 + 29 × 0.05 = 2.45, 600ஐ அதால வகுங்க, உங்க கைல உண்மைல இருக்கறது 245 பிள்ளைங்க அளவுக்கான தகவல் தான். அளக்கறவங்க விஷயத்துல பெருசா வந்தா சந்தோஷப்படற அதே நம்பர் இங்க சின்னதா இருந்தாலே சாம்பிள தின்னுடும், சாம்பிள் சைஸ் போடறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, டேட்டா எடுத்து முடிச்சுட்டு வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது.

இன்னொண்ணு, ரெண்டு பேரும் ஒரே மேஜைல உக்காந்து, முதல் ஆள் சத்தமா படிக்க ரெண்டாவது ஆள் எழுதற கதையும் நடக்குது. அக்ரிமென்ட் பளபளன்னு வரும், வராம எங்க போகும். தனித்தனி ரூம், தனித்தனி ஷீட். என்கிட்ட வரும்போது ரெண்டு பேர் நம்பரையும் சராசரி போட்டு ஒத்த நெடுவரிசையா கொண்டு வராதீங்க, யார் அளந்ததுன்னு பேரோட ரெண்டு நெடுவரிசையா அப்படியே கொண்டு வாங்க, கழிச்சுப் பாக்கறதுல இருந்து தான் ஆரம்பிப்போம்.