சொல் விளக்கம்: நீரிழிவு மன உளைச்சல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒருவரிடம் "என்ன வருத்தம்?" என்று கேட்டால் கவலையைச் சொல்ல மாட்டார், நோயைத்தான் சொல்வார். "சீனி வருத்தம், பத்து வருஷமாக் குளிசை போடுறன்." சென்னையிலிருந்து வந்தவருக்கு இது வேடிக்கையாக இருக்கும், அங்கே வருத்தம் என்றால் மனத்தில் இருப்பது. இந்த இரண்டு வருத்தமும் ஒரே ஆளில் சந்திக்கும் இடத்தைத்தான் மருத்துவர்கள் 'டயபிட்டீஸ் டிஸ்ட்ரெஸ்' என்கிறார்கள்.

முதல் சொல் கிரேக்கத்தில் 'ஊடே கடந்து போதல்' என்ற வினையிலிருந்து வந்தது. குடித்த நீரெல்லாம் உடம்பில் தங்காமல் ஓடிவிடுகிறதே, அதுதான். தமிழின் நீரிழிவும் அதே காட்சிதான். இழிதல் என்றால் இறங்கி வழிதல். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. நம் பெரியவர்கள் சொல்லும் சலரோகமும் நீரைப் பற்றியதே. இனிப்பு, 'டயபிட்டீஸ் மெலிட்டஸ்' (மெலிட்டஸ் என்றால் தேன் கலந்தது) என்ற மேற்கத்தியப் பெயருக்குள் பின்னால் வந்தது: 1670களில் ஆங்கிலேய மருத்துவர் தோமஸ் வில்லிஸ் நோயாளியின் சிறுநீர் தேன் போல் இனிக்கிறது என்று எழுதிவைத்தார். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

டிஸ்ட்ரெஸ் லத்தீன் வழி வந்தது. மூலச்சொல்லுக்கு இழுத்துப் பிரித்தல், இறுக்குதல் என்று பொருள். 1995இல் அமெரிக்காவின் பொஸ்டனில், ஜொஸ்லின் நீரிழிவு நிலையத்தில், உளவியலாளர் வில்லியம் பொலொன்ஸ்கியும் உடனிருந்தவர்களும் இந்த இழுபறியை அளக்க 20 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வெளியிட்டார்கள். 2005இல் 17 கேள்விகளோடு இன்னொன்று வந்தது. அது நோயின் மனப்பாரம், மருத்துவரோடு உள்ள மனக்குறை, மருந்து சாப்பாட்டு ஒழுங்கின் அலுப்பு, சுற்றியிருப்பவர்களால் வரும் எரிச்சல் என நான்கைத் தனித்தனியே கேட்கிறது. கடைசியைக் கொழும்பில் விளக்கவே தேவையில்லை. கல்யாண வீட்டில் கேசரியில் கை வைத்தவுடன் மூன்று பேர் ஒரே நேரத்தில், "அன்ரி, உங்களுக்குச் சீனி எல்லோ?" என்பார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். அன்ரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தனியே இருந்து இரண்டு மடங்கு சாப்பிடுவார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மன அழுத்தம்' வேண்டாம் என்பது என் கட்சி. அதை ஸ்ட்ரெஸுக்கும் சொல்கிறோம், டிப்ரெஷனுக்கும் சொல்கிறோம். கேட்பவர் ஒன்றில் "எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று தள்ளிவிடுவார், இல்லையென்றால் பயந்துபோவார். 'துயர்' இழவு வீட்டு வாசனை அடிக்கிறது. 'மன உளைச்சல்' பொருந்துகிறது. நாள் முழுக்க நடந்தால் "கால் உளையுது" என்கிறோம். முறிவும் இல்லை, காயமும் இல்லை. ஓயாமல் சுமந்ததால் வந்த வலி. விடுமுறையே இல்லாத நோய்க்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

மனச்சோர்வு வேறு. அதில் எதிலுமே நாட்டம் இருக்காது, அது இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் நீடிக்கும். உளைச்சலில் டிவி நாடகமும் பேரப்பிள்ளையும் இனிக்கும். விரலில் குத்திப் பார்க்கும் கருவியைக் கண்டால் மட்டும் மனம் சுருங்கும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். உளைச்சல் முற்றினால் குளிசை தவறும், கிளினிக் நாள் தவறும், இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ஏறும். பதற்றத்தில் சுரக்கும் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனும் தன் பங்குக்குச் சீனியைக் கூட்டும்.

ஆகவே டொக்டரிடம் "கவனமாத்தான் இருக்கிறன்" என்று மழுப்பாமல், "எனக்கு இது அலுத்துப்போச்சு, எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்ய முடியேல்லை" என்று சொல்லலாம். குளிசை நேரத்தை மாற்றுவது, ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் பிடிப்பது போன்ற வழிகள் அப்போதுதான் பேச்சுக்கு வரும். வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.