கொட்டேஷனில் தெரிந்த நாணயம்

வங்கியின் கடன் பிரிவில் 20 வருடங்களுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். கடன் கேட்டு வருபவரின் வருமானம், சொத்து, தொழில் எல்லாவற்றையும் பார்ப்போம். ஆனால் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது, ஆள் நாணயமானவரா என்று பாருங்கள் என்பதைத்தான். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன்.

கோவையில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் 2017-இல் இயந்திரக் கடன் கேட்டு வந்தார். இயந்திரத்தின் முழு விலையையும் வங்கி தராது. அவருடைய கடனுக்கு, விலையில் கால் பங்கை அவர்தான் கைக்காசாகப் போட வேண்டும், மார்ஜின் என்போம். தில்லுமுல்லு நடப்பது இங்கேதான். 6 லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு 8 லட்சம் என்று விற்பவரிடம் கொட்டேஷன், அதாவது விலைச்சீட்டு, வாங்கி வந்துவிடுவார்கள். வங்கி தரும் 6 லட்சத்திலேயே இயந்திரம் வந்துவிடும், கையிலிருந்து ஒரு பைசா போகாது. அப்படி எழுதித் தருவதாக விற்பவர்கள் அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். அவரோ 6 லட்சம் என்று எழுதிய கொட்டேஷனை மேசையில் வைத்து, “மார்ஜினுக்கு நாப்பதாயிரம் குறையுதுங்க சார். ரெண்டு மாசம் கழிச்சு வரட்டுங்களா?” என்றார்.

சொன்னபடி வந்தார், கடன் கொடுத்தோம். அப்புறம் ஒரே ஒருமுறை தவணை தட்டுகிற நிலை. தேதிக்கு மூன்று நாள் முன்பே கிளைக்கு வந்து, “பில் பணம் வரலைங்க, பத்தாம் தேதி கட்டிடறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாம் தேதி கட்டினார்.

2020 ஊரடங்கில் சிறுதொழில்களுக்கு மத்திய அரசு அவசரக் கடன் திட்டம் அறிவித்தது. பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை, புதிய அடமானம் இல்லாமல். ஆனால் அன்றைக்குத் தவணை 60 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் கிடையாது. அவருக்கு உடனே கிடைத்தது, பட்டறை ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார்.

அதே வாரம் இன்னொருவர் வந்தார். தொழிலில் கெட்டிக்காரர், இவரைவிட ஆர்டர் அதிகம். முந்தைய டிசம்பரில் தவணை தவறியதிலிருந்து நாங்கள் கூப்பிட்டால் போனை எடுக்கவே மாட்டார். அவரைத் திருப்பி அனுப்பியது இன்றும் உறுத்துகிறது. டிசம்பரிலேயே வந்து பேசியிருந்தால் ஏதாவது வழி பார்த்திருப்போம்.

கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் 300-லிருந்து 900 வரை. அதை ஏற்றித் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகவே வாங்கலாம். வாங்கிப் பாருங்கள், நண்பருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் அதில் இருக்கும்.

தவணை கட்ட முடியவில்லையா? சரி, பணமில்லாமலே வாருங்கள், ஆனால் தேதிக்கு முன்னால் வாருங்கள். 90 நாள் தாண்டி கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டால், கிளை மேலாளர் கையில் பெரிதாக எதுவும் இருக்காது.