வார்டில் நடந்தவர் வீட்டுக்குப் போனதும் ஏன் உட்கார்ந்துவிடுகிறார்?

மனநல வார்டில் இருக்கும்வரை பலரும் தினமும் உடற்பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். பிசியோதெரபிஸ்டான என் சாமர்த்தியம் அது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், நர்ஸம்மா குரல் கொடுப்பார், பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து போவார், இவரும் பின்னாலேயே போவார். டிஸ்சார்ஜ் ஆனதும் அந்தக் குரலும் இல்லை, பக்கத்துக் கட்டிலும் இல்லை. வீட்டார் அதற்கு 'சோம்பேறி ஆயிட்டான்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

கடலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர், பைபோலார் நோய்க்குச் சிகிச்சை எடுத்தவர். சில காலம் அளவுமீறிய உற்சாகம், சில காலம் ஆழ்ந்த சோர்வு என்று மனநிலை மாறி மாறிப் போகும் நோய் அது. 'காலை 5.30, அரைமணி நேர நடை' என்று நானே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு ஒலான்சபைன் போடுகிறவருக்கு! அடுத்த முறை ஓ.பி.க்கு வந்தபோது பழைய பேன்ட் எதுவும் இடுப்பில் ஏறவில்லை. "எழுப்பவே பாவமா இருக்கு சார், மாத்திரை அசதியில கெடக்கான்" என்றார் அம்மா. தப்பு என்னுடையதுதான். அந்த மாத்திரை தூக்கத்தைக் கூட்டும், பசியையும் கிளப்பும். எடை ஏறுகிறதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு மறுபடி அட்மிட் ஆனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். தாய்மாமன் துணைக்கு வர, தேவனாம்பட்டினம் சில்வர் பீச். அதற்கும் தம்பி தயங்கினார். "தெரிஞ்சவங்க பார்த்தா, இவ்ளோ நாளா எங்க போனேன்னு கேப்பாங்க சார்." நடக்காததற்கு இப்படியொரு காரணம் இருக்குமென்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதெல்லாம் வார்டிலேயே பதிலை ஒத்திகை பார்த்து அனுப்புகிறோம்: "உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப பரவால்ல." அதற்கு மேல் குடைகிறவர்கள் குறைவு. குடைந்தால், நடையைக் கொஞ்சம் எட்டிப் போட வேண்டியதுதான்.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முதல் மாதம் வீட்டில் யாரும் அந்த எண்ணைச் சொல்லிக் குத்திக்காட்ட வேண்டாம். பால் பாக்கெட் வாங்க நடந்து போய்வந்தாலே போதும்.

வெயில் விஷயத்தில் மட்டும் நான் கறார். பைபோலாருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லித்தியம் சாப்பிடுகிறவர் சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்ட நடந்து, தண்ணீரும் குடிக்காவிட்டால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடலாம். கை நடுக்கம் கூடினாலோ, வாந்தி, பேதி, தள்ளாட்டம் தெரிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அப்பாவுக்குப் பிரஷர் என்று குழம்பில் உப்பைக் குறைப்பவர்கள், இவருக்கும் சேர்த்துத் திடீரென்று குறைத்துவிட வேண்டாம். அதுவும் லித்தியம் அளவை ஏற்றும்.

அந்த அம்மா சில மாதம் கழித்துப் போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "இப்பல்லாம் ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் நடக்கறான் சார்!"

"ராத்திரி தூங்கறாராம்மா?"

"எங்க சார், மூணு மணிக்கெல்லாம் எழுந்து செருப்ப மாட்டிக்கறான்."

தூக்கம் குறைந்து நடை மட்டும் கூடினால், அந்த அளவுமீறிய உற்சாகம் திரும்புகிறதோ என்று பார்க்க வேண்டும். மறுநாளே ஓ.பி.க்கு அழைத்து வரச் சொன்னேன்.