சக்கரம் மேலேறும் 27 மில்லி விநாடி: மதுரைக் கரடுகளுக்கு ஏற்ற ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்

மேற்கே நாகமலை, வடகிழக்கே யானைமலை, வடக்கே அழகர்மலை என்று மதுரையைச் சுற்றிக் கரடுகளுக்குக் குறைவில்லை. அவற்றின் அடிவாரப் பாதைகளில் ஒரே கிலோமீட்டருக்குள் செம்மண், உடைகல், மழைநீர் அரித்த பள்ளம், வழுவழுப்பான பாறைப் பரப்பு, ஓடை மணல் எல்லாம் வந்துபோகும். இந்தத் தரைக்கு, இரண்டு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு 130 முதல் 140 மி.மீ., முன்சக்கரத்துக்கு 140 முதல் 150 மி.மீ. டிராவல் இருந்தால் போதும். டிராவல் என்பது சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது சக்கரம் மேலே நகரும் தூரம். வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். ஆனால் சைக்கிள் நன்றாக ஓடுமா என்பதை இந்த எண்ணைவிட, அந்தத் தூரத்தை ஷாக் (பின்சக்கரம் வாங்கும் அடியைத் தாங்கும் கருவி) எப்படிச் செலவழிக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு சுமார் 7 மீட்டர், 29 அங்குலச் சக்கரம் 5 செ.மீ. உயரக் கல்லில் மோதுகிறது. டயரோடு சேர்த்துச் சக்கரத்தின் ஆரம் 37 செ.மீ. டயர் கல்லைத் தொட்ட இடத்திலிருந்து அதன் உச்சிக்கு ஏற, அச்சு முன்னோக்கி 18.5 செ.மீ. நகர வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் 27 மில்லி விநாடி. அந்த நேரத்துக்குள் சக்கரம் 5 செ.மீ. மேலேறியாக வேண்டும் என்றால், சராசரியாக விநாடிக்கு 1.9 மீட்டர் வேகம். முழங்காலை மடக்கி இதைத் தாங்க மனித உடலால் முடியாது. மூளைக்குச் செய்தி போய்த் திரும்புவதற்குள் கல் பின்னால் போயிருக்கும்.

அரை மீட்டர் மேட்டிலிருந்து குதிப்பது வேறு கதை. அது வருவது கண்ணுக்குத் தெரியும். கையும் காலும் சேர்ந்து 30, 40 செ.மீ. வரை மடங்கிக் கொடுக்கும். அங்கே 140 மி.மீ. டிராவலுக்குப் பதில் 160 இருந்தாலும் கிடைக்கும் கூடுதல் 2 செ.மீ. பெரிய வித்தியாசத்தைத் தராது. சஸ்பென்ஷன் உண்மையாக உழைப்பது நாகமலை அடிவாரத்து உடைகல் மாதிரியான தரையில்தான். அங்கே டிராவலின் அளவு அல்ல, வேகமாக அமுங்கி வேகமாக மீளும் திறன்தான் முக்கியம். 160 மி.மீ. சைக்கிளைச் சமதளத்தில் கூடுதல் எடையோடு மிதித்துக்கொண்டே போக வேண்டும். 100 அல்லது 120 மி.மீ. சைக்கிள் ஏற்றத்தில் பறக்கும். ஆனால் இறக்கத்தில் கற்குவியல் வந்தால் அடி முழுவதும் கைக்கு வந்துசேரும்.

பின்சக்கரம் 140 மி.மீ. நகரும்போது ஷாக்கின் தண்டு அவ்வளவு தூரம் நகர்வதில்லை. தண்டு நகரும் தூரத்துக்கு ஸ்ட்ரோக் என்று பெயர். 55 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள ஷாக் என்றால் நெம்பு விகிதம், அதாவது சக்கரம் நகரும் தூரத்தைத் தண்டு நகரும் தூரத்தால் வகுத்தது, சராசரியாக 2.55. மேலே சொன்ன கல்லில் சக்கரத்தின் 1.9 மீட்டர் வேகம் தண்டில் 0.75 மீட்டராக இறங்கும். இப்போது பெடல் மிதிப்பதைப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் இரண்டு காலுக்கும் சேர்த்து 160 அழுத்தம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தண்டு 3 மி.மீ. போய்வந்தாலும் அதன் உச்ச வேகம் விநாடிக்கு 25 மி.மீ. அளவில்தான் இருக்கும். கல் மோதும்போது வரும் வேகம் இதைப்போல் 30 மடங்கு. ஷாக்கின் அசைவை அடக்கும் பகுதிக்கு டேம்பர் என்று பெயர்; நல்ல டேம்பரின் மூல இரகசியம் இந்த 30 மடங்கு இடைவெளிதான்.

டேம்பருக்குள் எண்ணெய் இருக்கிறது. தண்டு மெல்ல நகரும்போது எண்ணெய் ஒரு சிறு துளை வழியாக மட்டுமே போக முடியும். அதனால் மிதிக்கும்போது சைக்கிள் குதிக்காது. தண்டு வேகமாக நகரும்போது அழுத்தம் ஏறி, அடுக்கடுக்காக வைத்த மெல்லிய எஃகுத் தகடுகள் வளைந்து பெரிய வழியைத் திறந்துவிடும்; கல்லின் அடி உள்ளே விழுங்கப்படும். ஷாக்கில் எழுதியிருக்கும் ‘லோ ஸ்பீடு’, ‘ஹை ஸ்பீடு’ என்பவை இந்தத் தண்டின் வேகத்தைக் குறிப்பவை. சைக்கிளின் வேகத்தோடு அவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மலிவான ஷாக்கில் துளை மட்டும் இருக்கும். அதை மிதிப்பதற்காக இறுக்கினால் கல்லில் கட்டையாகும். கல்லுக்காகத் தளர்த்தினால் மிதிக்கும்போது ஊஞ்சலாடும்.

இன்னும் மலிவாக, ‘டபுள் சஸ்பென்ஷன்’ என்ற பெயரில் சாதாரண சைக்கிள் கடைகளில் நிற்பவற்றில் பலவற்றுக்கு டேம்பரே கிடையாது, வெறும் கம்பிச் சுருள்தான். கண்டுபிடிப்பது சுலபம். சீட்டைப் பலமாக அமுக்கிச் சட்டென்று கையை எடுங்கள். பின்பக்கம் ஒரே முறை எழுந்து அடங்கினால் டேம்பர் இருக்கிறது. இரண்டு மூன்று முறை துள்ளினால் அதைக் கற்பாதைக்குக் கொண்டுபோக வேண்டாம். கல்லில் மோதியதும் சுருள் வாங்கிய ஆற்றல் அப்படியே திரும்பி வந்து ஓட்டுபவரை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போடும். அந்தப் பணத்துக்கு நல்ல ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கவை) உள்ள, பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாத ஹார்டுடெயில் எவ்வளவோ மேல்.

டேம்பர் மீளும் வேகத்தை ரீபவுண்டு திருகால் மாற்றலாம். கற்கள் அரை மீட்டர் இடைவெளியில் கிடந்தால், 25 கி.மீ. வேகத்தில் 72 மில்லி விநாடிக்கு ஓர் அடி விழும். அதற்குள் சக்கரம் கீழே இறங்காவிட்டால், அடுத்த கல் பாதி அமுங்கிய ஷாக்கையே சந்திக்கும். நாலைந்து கல்லில் டிராவல் தீர்ந்து சைக்கிள் கட்டையாகிவிடும். பெரும்பாலோர் இதை ‘ஷாக் கடினமாக இருக்கிறது’ என்று நினைத்துக் காற்றைக் குறைப்பார்கள். தொல்லை இன்னும் கூடும். ரீபவுண்டை ஒரு ‘கிளிக்’ வேகமாக்கி ஓட்டிப் பார்ப்பதே சரி.

ஸ்பிரிங்காக வேலை செய்யும் காற்று எவ்வளவு என்பதை ‘சேக்’ அளந்து முடிவு செய்யவேண்டும். ஓட்டுபவர் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தானாக அமுங்கும் அளவுதான் சேக். பின்னால் ஸ்ட்ரோக்கில் 28 முதல் 30 சதவீதம், முன்னால் 15 முதல் 20 சதவீதம். 55 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 16 மி.மீ. அளவில் தண்டின்மேல் உள்ள ரப்பர் வளையம் நிற்கவேண்டும். தண்ணீர்ப் பை, ஷூ, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, ஷாக்கைப் பூட்டாமல் திறந்த நிலையில் வைத்து அளக்க வேண்டும். பின்பக்க ஷாக்குக்கு, முதல் தடவை உடல் எடை பவுண்டில் எவ்வளவோ அவ்வளவு பிஎஸ்ஐ. 75 கிலோவுக்கு 165. பிறகு 5 பிஎஸ்ஐ கூட்டியோ குறைத்தோ சரிசெய்யலாம். பம்பை மறுபடி மாட்டினால் முன்பைவிடக் குறைவாகக் காட்டும். பயப்பட வேண்டாம், ஹோஸுக்குள் கொஞ்சம் காற்று போயிருக்கிறது.

நம் ஊர் வெயிலும் இங்கே குறுக்கிடுகிறது. பிற்பகலில் 35 டிகிரியில் மதுரையில் 200 பிஎஸ்ஐ அடித்த ஷாக்கை, சுமார் 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலுக்கு ஏற்றிக்கொண்டுபோய் 15 டிகிரியில் அளந்தால் 189 அளவில் இருக்கும். குளிரில் உள்ளேயிருக்கும் காற்று சுருங்குவதால் வரும் இழப்பு இது. டயரிலும் காற்று சுருங்கும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தம் 3 பிஎஸ்ஐ குறைந்துவிடுவதால் 24 பிஎஸ்ஐ டயர் ஏறக்குறைய அதே 24 காட்டும். ஆகவே மேலே போனதும் டயரைத் தொட வேண்டியதில்லை, ஷாக்கின் சேக்கை மட்டும் மறுபடி பாருங்கள். கத்திரி வெயிலில் காருக்குமேல் கட்டிக் கொண்டுபோன சைக்கிளுக்கு இது தலைகீழ்: நிழலில் ஆறவிட்டு அளக்க வேண்டும்.

ஃபிரேம் வடிவமைப்பில் இரண்டு விஷயங்களை மட்டும் கேளுங்கள். முதலாவது, நெம்பு விகிதம் தொடக்கத்திலிருந்து கடைசிவரை எவ்வளவு குறைகிறது என்பது. 3.0-இல் தொடங்கி 2.4-இல் முடிந்தால் 20 சதவீதம். அமுங்க அமுங்கக் கடினமாகும். காற்று ஷாக்குக்கு 15 முதல் 20 சதவீதம் நன்றாகப் பொருந்தும். கடைசியில் அடிக்கடி ‘டக்’கென்று தட்டினால் காற்றறைக்குள் பிளாஸ்டிக் ஸ்பேசர் ஒன்று போட்டுப் பார்க்கலாம், அறையின் கொள்ளளவு குறைவதால் முடிவுப் பகுதி மட்டும் கடினமாகும், தொடக்கம் மெத்தென்றே இருக்கும். இரண்டாவது ஆன்டி-ஸ்குவாட். மிதிக்கும்போது எடை பின்னால் சாய்ந்து ஷாக்கை அமுக்கப் பார்க்கும்; செயினின் இழுப்பு அதை நிமிர்த்தப் பார்க்கும். சேக் நிலையில் இரண்டும் சமமாக இருந்தால் 100 சதவீதம். இது மிக அதிகமான ஃபிரேமில் சக்கரம் மேலேறும்போது செயின் இழுபட்டுப் பெடலைப் பின்னால் உதைக்கும். பாறைப் படிகளில் மிதித்து ஏறும்போது அந்த உதை பாதத்தில் தெரியும். 100 முதல் 110 சதவீதத்தில் நின்று, பிறகு குறைந்துபோகும் வடிவம் நமக்குச் சரி. ஹோர்ஸ்ட் லிங்க் என்ற நான்கு இணைப்பு முறை இதை எளிதாகத் தரும், பழுதுபார்க்கவும் சிக்கலில்லை.

கோணங்களில் ஹெட் ஆங்கிள் (முன்பக்கம் தரையோடு சாயும் கோணம்) 65.5 முதல் 66.5 டிகிரி போதும். 64-க்குப் போனால் செங்குத்து இறக்கத்தில் நிலையாக இருக்கும். ஆனால் முள்புதருக்கு நடுவே மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் அலையும். சீட்டைத் தாங்கும் சீட் டியூபின் கோணம் 77, 78 என்று இப்போது விளம்பரம் செய்கிறார்கள். அது நீண்ட செங்குத்து ஏற்றத்துக்கானது. நாமோ கரட்டைத் தொடும் முன்பு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தட்டையான தார்ச்சாலையில் மிதிக்கிறோம். அவ்வளவு நிமிர்ந்த கோணத்தில் எடை உள்ளங்கைக்கு வந்து விரல் மரத்துவிடும். 75.5 முதல் 76.5 நம் ஓட்டத்துக்கு ஏற்றது. உயரம் 165 செ.மீ. உள்ளவர் ரீச் (பெடல் சுழலும் மையத்திலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி வரையுள்ள கிடைத்தூரம்) 430 முதல் 445 மி.மீ. பார்க்கலாம், 172-க்கு மேல் 450 முதல் 465. உயரம் குறைந்தவர்களுக்கு ஒரு கவனம்: செங்குத்தில் பின்னால் தள்ளி உட்காரும்போது 29 அங்குலப் பின்சக்கரம் உடம்பில் உரசும். முன்னால் 29, பின்னால் 27.5 இருக்கும் சைக்கிள் அவர்களுக்கு நல்லது. பின்னால் 27.5 என்பதால் கல்லில் பெரிதாக இழப்பு இல்லை, 10 செ.மீ. படியில் மோதும் கோணம் ஒரு டிகிரியும் சொச்சமும்தான் கூடுகிறது.

பணம் அளவாக இருந்தால் கார்பன் ஃபிரேமை விட்டுவிட்டு அலுமினியம் வாங்கி, மிச்சத்தை ஃபோர்க், பிரேக், டயர் மூன்றிலும் போடுங்கள். ஃபோர்க்கின் மேல்குழாய் 34 முதல் 36 மி.மீ. தடிமன் இருக்கவேண்டும், அச்சு 15 மி.மீ. த்ரூ-ஆக்ஸில் (இரு கால்களையும் ஊடுருவித் திருகும் தடித்த அச்சு). 9 மி.மீ. குயிக் ரிலீஸ் உள்ள ஃபோர்க் என்றால் அந்த சைக்கிளைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பிரேக் நான்கு பிஸ்டன், முன்ரோட்டர் (பிரேக் கவ்விப் பிடிக்கும் வட்டத்தகடு) 200 மி.மீ., பின்ரோட்டர் 180. ஆளும் சைக்கிளும் 90 கிலோ என்றால் 100 மீட்டர் உயரம் இறங்குவதில் 88 ஆயிரம் ஜூல் வெளியாகும். மெதுவாக இறங்கினால் அதில் பெரும்பங்கு ரோட்டரில் சூடாகும். சிறிய ரோட்டர் அந்தச் சூட்டைக் காற்றுக்கு விடமுடியாமல் திணறும், லீவர் கைக்குத் தளர்ந்துபோகும்.

டயர் நம் ஊரில் தனிப் பாடம். காரணம் சீமைக்கருவேல முள். டியூப் போட்டு ஓட்டினால் கண்மாய்க்கரையில் பஞ்சர் ஒட்டுவதிலேயே காலை கழியும். 2.4 அங்குல டயர், உள்ளகலம் 30 மி.மீ. ரிம், டியூப்லெஸ், டயருக்கு 110 முதல் 120 மி.லி. சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்). 70 கிலோ ஆளுக்கு முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ. வெயிலில் சீலன்டின் நீர் வற்றி ரப்பர் உருண்டையாகிவிடும். கோடையில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வால்வு வழியாக ஒரு குச்சி விட்டு ஈரம் இருக்கிறதா பார்க்கவேண்டும். முள்ளைப் பிடுங்கியதும் ஓட்டையைக் கீழே வைத்துச் சக்கரத்தை நிறுத்துங்கள், சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கும். அப்படியும் மறுநாள் காற்று இறங்கினால், நீண்ட முள் உள்ளே போய், ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் டேப்பைக் குத்தியிருக்கலாம். காற்று ஸ்போக் துளைகள் வழியாகக் கசியும். சோப்புத்தண்ணீர் தடவினால் ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைச் சுற்றிக் குமிழி வரும். டேப்பை மாற்றினால்தான் தீரும்.

செம்மண் புழுதி ஃபோர்க்கின் சீலுக்குள் புகுந்து எண்ணெயோடு கலந்து தேய்க்கும் பசையாகிவிடுகிறது. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றவேண்டும், ஷாக்கின் காற்றறையும் அப்படியே. பைக் வாட்டர் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் பிவட் (ஃபிரேம் மடங்கும் மூட்டு) பேரிங்குக்குள் போய் கிரீஸை வெளியேற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீரும் துணியும் பிரஷும் போதும்.

எங்கே ஓட்டுவது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். அழகர்மலையிலும் சிறுமலையிலும் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி தேவை. கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி போன்ற இடங்களில் பாறை முழுக்க வரலாறு இருக்கிறது. அந்தப் பாறைகளில் சக்கரம் படவே கூடாது.

பழைய சைக்கிள் வாங்குகிறீர்களா? சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தை மெல்லத் தூக்கி இறக்குங்கள். கையில் ‘டக்’ என்று தட்டினால் பிவட் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கின் மேல்குழாயில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கும் கீறல் சீலைக் கிழிக்கும். ஷாக்கைச் சேக் வரை அமுக்கிப் பத்து நிமிடம் விட்டு மறுபடி அளக்கும்போது அமுங்கல் கூடியிருந்தால் காற்று கசிகிறது. பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சின் பேரிங்) மரையுள்ளதா, பின்பக்க கியர் மாற்றும் டிரெயிலரைத் தாங்கும் ஹேங்கர் யூடிஹெச் (பல நிறுவனங்களுக்கும் பொதுவானது) வகையா என்றும் கேளுங்கள். இரண்டும் பொது அளவில் கிடைப்பவை, உடைந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பிவட் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் நிறுவனம் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகே முதல் கல்லில் ஏற்றுங்கள்.