வெளுத்த பவளத்துக்கு விளக்கைக் கூட்டாதீர்கள்

இந்த மாதத்தில் நான் பார்க்கும் நான்காவது வெளுத்த பவளம் இது. சிங்கப்பூரில் வீடுகளில் உள்ள கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். சென்ற சனிக்கிழமை ஒரு வீட்டில் பார்த்த மூளைப் பவளம், வாங்கியபோது சிவப்பும் பச்சையுமாக இருந்ததாம். நான் போனபோது உரித்த முட்டைபோல் இருந்தது. “வெளுக்க வெளுக்க வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே வந்தேன்” என்றார் வீட்டுக்காரர். 40 சதவீதத்தில் இருந்த எல்.இ.டி. விளக்கு 100ஐத் தொட்டிருந்தது.

பவளம் பூந்தொட்டிச் செடி அல்ல. இலை வெளிறினால் ஜன்னலோரம் நகர்த்தும் வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளத்துக்குக் கல்லே சிவப்பு. நம் தொட்டியில் வளரும் கல் பவளங்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் கூடு வெள்ளைதான். நிறமெல்லாம் அதன் மேல் போர்த்திய மெல்லிய சதையில் இருக்கிறது. அந்தச் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி பழுப்பு. பளிச்சிடும் பச்சையும் சிவப்பும் பவளம் தானே செய்துகொள்ளும் புரதங்கள். பாசி போய்விட்டால் சதை கண்ணாடியாகி அடியிலுள்ள வெள்ளை தெரிகிறது. பாசியை விரட்டுவது பெரும்பாலும் மிகை வெளிச்சமும் மிகை வெப்பமும். வெளிச்சம் குறைந்தாலோ, கும்மிருட்டில் போட்டாலொழிய, பாசி பெருகிப் பவளம் பழுப்பேறும். ஆக, வெளுத்த பவளம் விளக்கைக் குறைக்கச் சொல்கிறது, நீங்கள் கூட்டுகிறீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன், நிறத்தைப் பளிச்சிடவைத்து ஏமாற்றும் நீல விளக்கை அணைத்து வெள்ளை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். சதை இருக்கிறதா? இருந்தால் அது உயிரோடு இருக்கிறது, தூக்கி எறியாதீர்கள். சதை அடியிலிருந்து உரிந்து வெறும் கூடு தெரிகிறது என்றால் அது வேறு நோய். கிளைப் பவளமானால் நல்ல பகுதியை அன்றே வெட்டிப் பிரித்துவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தின் நுனி மட்டும் வெள்ளையா? பல நேரம் அது வளர்ச்சி. அதைப் பார்த்துப் பதறி எனக்கு நள்ளிரவில் போன் செய்தவர்கள் உண்டு.

சனிக்கிழமை வீட்டில் இன்னொரு வினையும் இருந்தது. பாசிக்கும் பவளத்துக்கும் சத்தான நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் தண்ணீரில் பூஜ்யம் என்று பெருமையாகச் சொன்னார். பாஸ்பேட் நீக்கி இரண்டு பை, புதுக் கரி வேறு. தண்ணீர் தெளியத் தெளிய வெளிச்சம் இன்னும் ஆழமாக இறங்கும். பட்டினியும் வெயிலும் சேர்ந்தால் எது தாங்கும்? நைட்ரேட் 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு), பாஸ்பேட் 0.05 பி.பி.எம். அளவில் இருக்கட்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் ‘சில்லர்’ கருவியைத் திறந்தேன், விசிறி முழுக்கத் தூசி. அவர் காலையில் மட்டும் வெப்பம் பார்ப்பவர்; பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டி 29.5 டிகிரி காட்டியது. 25, 26ல் நிறுத்துங்கள்.

விளக்கைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். பவளத்தை நிழலான மூலைக்கு மாற்றினேன். இனி அதைத் தினமும் இடம் மாற்றாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இரவில் அது கைகளை நீட்டும்போது பொடியாக நறுக்கிய இறால் கொடுக்கலாம். கடைக்காரர் நீட்டும் நிறமூட்டும் மருந்து பாட்டில்கள் வேண்டாம். நிறம் திரும்ப வாரங்கள் ஆகும், சில பவளங்களுக்கு மாதங்கள். அதற்குப் பிறகு விளக்கைக் கூட்டுவதாக இருந்தால் வாரத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல் பவளங்கள் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த துண்டை வைத்துக்கொண்டு என்னிடம் வைத்தியம் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை வீட்டுக்காரர் நேற்று ஒரு படம் அனுப்பினார், நிறம் வந்துவிட்டதாம். நீல விளக்கில் எடுத்த படம். வெள்ளை விளக்கைப் போட்டு எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.